இலையில் கை வைக்க வேண்டாம்

மே 12, திங்கள்

தவமணி நேற்று மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். மகள் துஷிக்கு உதவி வேண்டுமாம். பேரனுக்கு நாலு வயது. தானே சாப்பிடுகிறான், தானே கழுவுகிறான், தாயின் தொலைபேசியை ஒளித்து வைத்தாலும் தானே தேடி எடுத்துத் திறக்கிறான். இப்படி ஒன்றுக்கும் ஏலாத பிள்ளையை வளர்க்கத் தாய் தகப்பன் இரண்டு பேர் போதாது, கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அம்மம்மாவும் போகவேண்டும் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. மூன்று மாதம். ஓகஸ்ட் 14 திரும்பி வருகிறாள்.

விமான நிலையத்தில் வைத்து இந்தக் கொப்பியைத் தந்தாள். "ஒவ்வொரு நாளும் என்ன செய்தனீங்கள் எண்டு இதில எழுதுங்கோ. வந்து பாப்பன்" என்றாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவனிடம் சொல்லிப் போக வேண்டிய வார்த்தைதான். நான் என்ன சாப்பிடுவேன் என்று அவள் கேட்கவில்லை. செடிக்குத்தான் ஏற்பாடு.

முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில் நாலு வரி இருக்கிறது. தண்ணீர் அடியில் விடவும். மேலால் ஊற்ற வேண்டாம். முயல் வரும், கவனிக்கவும். இலையில் கை வைக்க வேண்டாம். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு. காரணம் ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்று போத்தல் மூடிகளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய கை இது. அந்தக் கைக்குத் தடையுத்தரவு.

செடியின் பெயர் ஹோஸ்டா. அதில் இது குள்ள சாதி. ஒரு சாண் உயரம், நீல நிறத்தில் தடித்த வட்ட இலை. எலியின் காது போல இருக்கிறது என்று வெள்ளைக்காரன் அதையே பெயராக வைத்துவிட்டான். தவமணியும் எலிக்காது என்றுதான் கூப்பிடுவாள். நான் எந்த எலியின் காதையும் கிட்ட நின்று பார்த்ததில்லை, ஆகவே மறுத்துச் சொல்ல முடியவில்லை.

மே 13

தண்ணீர் விட்டேன். அடியில்.

மே 14

மேற்படி.

மே 15

மழை. கடவுள் விட்டார். மேலால்தான் ஊற்றினார். அவரிடம் விளக்கம் கேட்கவும்.

மே 18, ஞாயிறு

இங்கே மாலை ஆறு மணி, அங்கே திங்கள் காலை எட்டு. அதுதான் பேசும் நேரம் என்று துஷி ஒழுங்கு செய்திருக்கிறாள்.

"எலிக்காது என்ன மாதிரி?" என்று தவமணி கேட்டாள். இருக்கு என்றேன். எத்தனை இலை விரிந்திருக்கிறது என்றாள். எண்ணவில்லை என்றேன். "எண்ணிச் சொல்லுங்கோ" என்று தொலைபேசியைப் பேரனிடம் கொடுத்தாள். இரண்டு நிமிடம் பதினொரு வினாடி. சாப்பிட்டீர்களா என்று கேட்டது பேரன்.

எங்கள் தெருவில் தமிழர் வீட்டுப் பின்வளவெல்லாம் தக்காளியும் மிளகாயும் பூசணியும்தான். எங்கள் வளவிலும் வெயில் விழும் பக்கம் என்னுடையது. வாகனக் கொட்டிலுக்குப் பின்னால், மேப்பிள் மரத்தின் கீழ், நாள் முழுக்க நிழல் விழுந்து ஒன்றும் முளைக்காத ஒரு மூலை இருந்தது. பெரிய மனது வைத்து அதைத் தவமணிக்குக் கொடுத்தேன். அவள் அங்கே நிழலில் வளரும் பன்னச் செடியும் இந்த எலிக்காதும் வைத்து, சுற்றிவரக் கல் அடுக்கி, ஒரு சின்னக் கதிரையும் போட்டுக்கொண்டாள். "இதைக் கறி வைக்கலாமோ?" என்று கேட்டேன். வருபவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்தக் கதிரையில் அவள் பின்னேரங்களில் இருந்து என்ன செய்தாள் என்று தெரியாது. கேட்டதுமில்லை.

மே 19

இலை பத்தொன்பது. எண்ணுவதற்குக் கையைப் பயன்படுத்தவில்லை. கண்ணாலேயே எண்ணினேன்.

ஜூன் 1, ஞாயிறு

துஷிதான் எடுத்தாள். அம்மா குளிக்கிறாவாம். "அம்மா ஏன் இஞ்ச வந்து நிக்கிறா எண்டு உங்களுக்குத் தெரியுமோ அப்பா?" என்று கேட்டாள். பேரனைப் பார்க்க என்றேன். சரி என்றாள், சரியில்லாத குரலில்.

எனக்கு ஒன்றும் விளங்காது என்று தாயும் மகளும் முடிவு கட்டியிருந்தால், பதிவுக்காக எழுதி வைக்கிறேன். ஏப்ரல் 12, எங்கள் நாற்பதாவது கலியாண நாள். துஷி வந்து மண்டபம் எடுத்துக் கொண்டாடினாள். நூற்றிருபது பேர். வழக்கம் போல மைக்கை என்னிடம் தந்தார்கள். ஸ்காபரோவில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் குணரட்ணம் நாலு பகிடி விடவேண்டும், அது ஊரறிந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "நாப்பது வருசமா இவவைச் சோதிச்சுக்கொண்டிருக்கிறன். குறை எழுதின பேப்பர் மட்டும் ஒரு அலுமாரி நிறைய இருக்கு. திருப்பிக் குடுப்பம் எண்டு பாத்தா வாறண்டி முடிஞ்சு போச்சு."

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் என்றால் உண்மையாகவே ஒன்றும். பிறகு டிக்கெட்டைக் காட்டினாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று துஷி நினைக்கிறாள் போலிருக்கிறது. அவள் தாயைப் போல, எதையும் பெரிதாக்குவாள்.

ஜூன் 7

முயல். தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே எலிக்காதுக்கு வந்தது. நடுவளவில் நின்று கத்தினேன். அது என்னைப் பார்த்தது. தவமணியும் நான் கத்தும்போது இப்படித்தான் பார்ப்பாள். கம்பி வலை வாங்கி வந்து சுற்றிவர அடித்தேன். மூன்று மணித்தியாலம். விரலில் காயம். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கொப்பியை வாசிப்பவர் கவனிக்கவும்.

ஜூன் 15, ஞாயிறு

இலை நாற்பத்து மூன்று. சொன்னேன். "நாப்பத்து மூண்டோ?" என்றாள். குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. வலை அடித்ததையும் சொன்னேன். "கை கவனம்" என்றாள். ஆறு நிமிடம்.

ஆறு நிமிடம்.

ஜூன் 21, சனி

இன்று பெரிய வேலை ஒன்று முடித்தேன். இரண்டு நாளாகக் கவனித்து வந்ததில் எலிக்காதின் இலைகளில் வெள்ளைச் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு. இலையின் முன்பக்கமும் பின்பக்கமும். நான் இந்த விசயத்தில் அனுபவசாலி. கனடாக் குளிரில் பதினாறு வருடமாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை உயிரோடு வைத்திருப்பவன். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே யன்னலோரம் வைத்து, புளித்த மோர் ஊற்றி, வெள்ளைப் பூச்சி பிடித்தால் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்து வளர்த்திருக்கிறேன். கறிவேப்பிலை கேட்டு இந்தத் தெருவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாதவர் இல்லை.

அதே வைத்தியம்தான். முழங்காலில் இருந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூன்று சொட்டுச் சோப்பு விட்டு, பழைய பெனியன் துணியால் நாற்பத்து மூன்று இலையையும் இரண்டு பக்கமும் துடைத்தேன். ஒரு இலைகூட முறியவில்லை. சாம்பல் எல்லாம் போய் இலைகள் பளபளவென்று மினுங்குகின்றன. இலையில் கை வைக்க வேண்டாம் என்ற கட்டளையை மீறவில்லை. துணிதான் வைத்தேன்.

எழும்ப முடியாமல் அவளுடைய கதிரையைப் பிடித்துத்தான் எழும்பினேன். பிறகு கொஞ்ச நேரம் அதில் இருந்தேன். குளிர்ச்சியான இடம். நாளைக்கு வீடியோவில் காட்டப் போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

வீடியோவில் காட்டினேன். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தேன்.

"ஏன் இது பச்சையா இருக்கு?" என்றாள் தவமணி.

வெளிச்சம் என்றேன்.

"துடைச்சனீங்களோ?"

இல்லை, மழை என்றேன். ஸ்காபரோவில் ஐந்து நாளாக மழை இல்லை. அவள் ம் என்று சொல்லித் தொலைபேசியைப் பேரனிடம் கொடுத்தாள். ஒன்றரை நிமிடம்.

வேலிக்கு மற்றப் பக்கம் டொரீன் நின்றுகொண்டிருந்தாள். எண்பது வயது வெள்ளைக்காரி, தனியாள், வளவு முழுக்க ஹோஸ்டா. தவமணிக்கு இந்தச் செடி நோயைத் தொற்ற வைத்தவள் அவள்தான். இருவரும் வேலியின் இரு பக்கமும் நின்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள். தவமணியின் இங்கிலீஸை வைத்து நான் விடும் பகிடிகள் பிரபலமானவை. டொரீனுக்கு அது விளங்குவதில் ஒரு கரைச்சலும் இருந்ததாகத் தெரியவில்லை.

டொரீன் எட்டி எலிக்காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள், நீலம் இலையின் நிறமே அல்லவாம். இலை பச்சைதானாம். வசந்தத்தில் விரியும்போது இலை தானே தன் மேலே ஒரு மெழுகைப் பூசிக்கொள்ளுமாம். வருடத்தில் ஒருமுறைதான். அந்த மெழுகுதான் நீலமாகத் தெரிவது. விரலால் தேய்த்தாலே போய்விடும், சோப்புப் போட்டால் கேட்கவே வேண்டாம். போனால் அந்த வருடம் திரும்பி வராது.

எப்போது வரும் என்று கேட்டேன். அடுத்த மே மாதம் என்றாள். போவதற்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்து, நீங்கள்தானே அந்த வாறண்டிக்காரர் என்று கேட்டாள்.

ஜூன் 23

தண்ணீர் விட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

செடிக்கடைக்கு, மார்க்கம் நகருக்கும் அப்பால் வரை போனேன். எலிக்காது ஒன்றே ஒன்று இருந்தது. நீலம். கார் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியும் போட்டுக் கொண்டுவந்தேன். பழையதுக்கு முன்னால் கிடங்கு வெட்டி நட்டு, பழையது தெரியாத கோணத்தில் படம் எடுத்து, நிறம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். தொழிற்சாலையில் நான் இப்படி ஒரு வேலையைக் கண்டிருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

"வடிவா இருக்கு" என்றாள். "ஆனா அது எங்கட இல்லை."

எப்படித் தெரியும் என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள். போன கிழமை மூன்று பூந்தண்டு வந்திருக்கிறது என்று நானே சொன்னேனாம். படத்தில் ஒன்றுதான் இருக்கிறதாம். குறை கண்டுபிடிக்கும் வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து பிழையான ஆளை எடுத்துவிட்டார்கள்.

அவள் கோபிக்கவில்லை. களைத்த குரலில் "சரி, வைக்கட்டே?" என்று கேட்டாள். கோபித்திருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

எலிக்காதைப் பற்றி இன்று கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கேட்கவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

துஷி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாள். டிக்கெட்டைப் பின்போட்டாயிற்றாம். எதுவரைக்கும் என்று கேட்டேன். "அம்மா இஞ்சயே இருந்திடலாமோ எண்டு யோசிக்கிறா போல கிடக்கு. எனக்கு உங்களை ஏச விருப்பமில்லை அப்பா" என்றாள்.

நல்லது என்றேன். வீட்டில் ஒரு ஆளுக்கு இரண்டு குளியலறை, முழுக் கட்டில், தொலைக்காட்சியில் விரும்பியது பார்க்கலாம். இந்த வயதில் யாருக்குக் கிடைக்கும் என்றேன். துஷி சிரிக்கவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு சோறு போட்டுக்கொண்டு இருந்தேன். சாப்பிடவில்லை. அவள் வராமல் விட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இந்த வரியை வெட்ட நினைத்தேன், கொப்பியில் வெட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 14

இன்று வந்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டேன். இரண்டு செடிக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வெண்டைக்காய் விலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் சொன்னேன். "நான்தான் துடைச்சனான். பூச்சி எண்டு நினைச்சன். மழை எண்டு சொன்னது பொய். கடையில வாங்கி வச்சுப் படம் எடுத்ததும் பொய்."

"தெரியும்" என்றாள். பிறகு, "மற்றது?" என்றாள்.

மற்றது என்ன என்று கேட்டேன். பேரன் வந்து தான் வரைந்த கப்பலைக் காட்டினான்.

மற்றது என்றால் என்ன? பொய் இரண்டு, இரண்டையும் சொல்லியாயிற்று. மூன்றாவது ஒன்று இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்?

செப்டம்பர் 9

தெரியும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

எலிக்காது மஞ்சளாகிவிட்டது. இரண்டு இரவு பனி கொட்டியதில் இலையெல்லாம் அவித்த கீரை போலத் தரையில் படுத்துவிட்டன. தவமணிக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இந்த ஒரு முறை வசதியாக இருந்தது.

ஒக்டோபர் 22

சாகவிட மாட்டேன். கிண்டி எடுத்துத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள்ளே கொண்டுவந்தேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், சூட்டுக் காற்று வரும் இடத்துக்கு அருகே. கொஞ்சம் மோரும் ஊற்றினேன். பதினாறு வருட அனுபவம்.

ஒக்டோபர் 26

மோர் மணக்கிறது. வேறு முன்னேற்றமில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

டொரீன் கதவைத் தட்டினாள். வளவில் கிடங்கு தெரிகிறது, செடி எங்கே என்று கேட்டாள். காட்டினேன். யன்னலோரத் தொட்டிக்கு முன்னால் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு நான் இதுவரை கேட்டிராத ஒரு இங்கிலீஸ் வார்த்தை சொன்னாள். எண்பது வயதில் அதைச் சொல்ல உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

இது சாகவில்லையாம். வருடா வருடம் இப்படித்தான் மண்ணுக்குள் போகுமாம். போன பிறகு அதற்குக் குளிர் வேண்டுமாம், உறைகிற குளிர், மாதக்கணக்கில். சூட்டில் வைத்துப் பராமரித்தால்தான் செத்துப்போகும். திரும்ப நட்டு, மேலே மேப்பிள் சருகைப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றும் செய்யாதே என்றாள். ஒன்றும் என்றால் என்று கேட்டேன். கிண்டிப் பார்க்காதே, ஊற்றாதே, துடைக்காதே, கதைக்காதே என்றாள். கடைசியைத் தன் விருப்பத்துக்குச் சேர்த்திருக்கிறாள்.

மழையில் நின்று திரும்ப நட்டேன். இருக்கிறதா செத்துவிட்டதா என்று மே மாதம் வரைக்கும் தெரியாது. தெரியாமல் காத்திருக்கவேண்டிய விசயங்கள் இப்போது இரண்டு.

நவம்பர் 12, புதன்

ஞாயிறு அல்லாத நாளில் தவமணிக்குத் தொலைபேசி எடுத்தேன். யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று பதறிப்போய் எடுத்தாள். ஒன்றுமில்லை என்றேன். ஒத்திகை பார்த்து வைத்த வசனம் மறந்துவிட்டது.

"அண்டைக்கு மைக்கில நான் உம்மைப் பற்றிச் சொன்னது பிழை" என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்டைக்கு எத்தினை பேருக்கு முன்னால சொன்னனீங்கள்?"

"நூற்றிருபது."

"இப்ப எத்தினை பேருக்கு முன்னால சொல்லுறியள்?"

எங்கள் வீட்டில் அப்போது நானும் கறிவேப்பிலையும்தான் இருந்தோம்.

நவம்பர் 30

பனி. மூலை முழுக்க வெள்ளை. வேலை ஒன்றுமில்லை. கதிரையில் பனி அரை முழம்.

டிசம்பர் 25

டொரீன் கேக் கொண்டுவந்தாள். கல்லு. நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். பகிடி ஒன்றும் விடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

முதியோர் சங்கப் பொங்கல் விழா. ஏப்ரலில் வந்த முகங்களில் முக்கால்வாசி இன்றும் இருந்தன. பட்டிமன்றத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில், வழக்கம் போல, "இப்ப எங்கட குணரட்ணம் அண்ணை வந்து நாலு பகிடி விடுவார்" என்று மைக்கைத் தந்தார்கள்.

நான் சொன்னது இதுதான். "போன சித்திரையில எங்கட கலியாண நாளுக்குக் கனபேர் வந்திருந்தனியள். தவமணியைப் பற்றி ஒரு வாறண்டிக் கதை சொன்னனான். அது பிழை."

சிரித்தார்கள். பகிடிக்கு நான் போடும் பீடிகை அது என்று நினைத்தார்கள்.

"நான் பகிடி விடேல்லை" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். முப்பது வருடமாக நானே பழக்கிய சனம், என்னைத் தவிர யாரைக் குறை சொல்ல? இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இறங்கினால் அதையும் ஒரு பகிடியாக எடுத்துக் கைதட்டியிருப்பார்கள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். கனநேரம். ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு நின்றது. கடைசியில் சமையலறையில் கரண்டி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவவில குறை இல்லை. முப்பது வருசமா உங்களைச் சிரிக்க வைக்கிறதுக்காக அவவை நான் வித்தனான். அவ எட்டு மாசமா வீட்டில இல்லை. எனக்கு அவ திரும்பி வரவேணும்."

யாரும் கைதட்டவில்லை. வந்து இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் ஒரு தட்டுப் பொங்கலை என் பக்கம் தள்ளினார். நிகழ்ச்சி நடத்துனர் நல்ல மனிதர், உடனே பரிசளிப்பைத் தொடங்கினார்.

ஜனவரி 19

நேற்றையதை யாரோ வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். சுவிஸிலிருந்து ஒரு மச்சான் தொலைபேசி எடுத்து, சுகமாக இருக்கிறீர்களா, டொக்டரிடம் காட்டினீர்களா என்று விசாரித்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

ஆறு மணிக்கு அடித்தது. வீடியோவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எலிக்காதுக்கு மேல பனி எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டாள்.

அளந்து சொல்கிறேன் என்று சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் அடிமட்டத்தோடு ஓடினேன். நாற்பத்தொரு சென்ரிமீற்றர். வந்து சொன்னேன். குரல் சரியாக வரவில்லை. குளிர் என்றேன். "ஓம், குளிராத்தான் இருக்கும்" என்றாள்.

ஏப்ரல் 20

பனி போய்விட்டது. மூலையில் சருகு. கிண்டிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை எழுதுவதற்கே இன்று கொப்பியை எடுத்தேன்.

மே 4, திங்கள்

நேற்றுத் தவமணி சொன்னாள், மே 20 வருகிறாளாம். பார்த்துவிட்டுப் போக வருகிறாளா, இருக்க வருகிறாளா என்று கேட்கவில்லை. டிக்கெட் ஒருவழியா இருவழியா என்று துஷியிடம் கேட்டேன். "அதை அம்மாட்டயே கேளுங்கோ" என்றாள். நன்றாக வளர்த்திருக்கிறோம்.

மூலையில் இன்னும் ஒன்றுமில்லை. டொரீனின் வளவில் எல்லாம் முளைத்துவிட்டன. என் பக்கத்தில், ஒரு கிழமை மோர் ஊற்றிய பலன்.

மே 9

முன்னால் நட்ட கடைச் செடி முளைத்துவிட்டது. வெட்கம் கெட்டது. பழையது இல்லை.

மே 12

முளைத்திருக்கிறது. சருகைத் தள்ளிக்கொண்டு ஊசி ஊசியாக ஐந்து. சருகை நான் தள்ளவில்லை, அதுவே தள்ளியது. டொரீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அழுதேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அதனால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 19

பதினோரு இலை விரிந்திருக்கிறது. நீலம். கிட்டப் போய்ப் பார்த்தால் போன வருடம் நான் பூச்சி என்று நினைத்த அதே சாம்பல். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். கதிரையைக் கழுவி வைத்தேன். கதிரையை மட்டும்தான் கழுவினேன்.

மே 20, புதன்

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். விமான நிலையத்தில் சொல்வதற்கு நல்ல பகிடி ஒன்று வந்தது, விழுங்கிவிட்டேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன். இரண்டு பெட்டி. போகும்போது ஒன்று.

வீட்டுக்குள்ளே வராமல் வளவால் சுற்றி நேரே மூலைக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். இரண்டு செடியையும் பார்த்தாள். கதிரையில் இருந்தாள். நான் தூரத்தில் நின்றேன். வெயில் சாயும் வரைக்கும் அவள் எழும்பவில்லை. பிறகு உள்ளே வந்து கை கழுவிவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"கொப்பி எங்க?"

கொடுக்க வேண்டும். கிழிப்பதற்கு நாலைந்து பக்கம் இருக்கிறது. கிழிக்கவில்லை.

மே 21

வாசித்தேன்.

மே 15: கடவுள் மேலால் ஊற்றலாம். அவர் சோப்புப் போடுவதில்லை.
ஒக்டோபர் 22: மோர் செலவு அநியாயம்.
ஜூன் 1: "அவளும் சிரித்தாள். நான் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. திருத்தவும்.

தவமணி

மே 22, வெள்ளி

திருத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

தண்ணீர் விட்டேன். இரண்டுக்கும். அடியில்.